ஒக்கலிபுரம் மேம்பாலமான மத்தியானம்

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு இளவேனில் நாற்காலியைச் சக்கரத்தோடு உருட்டிக்கொண்டு தமயந்தியின் மேசைக்கு வந்தாள். கையில் பாதி தின்ற தேங்காய் பன்.

"அக்கா, ஒரு தமாஷ் பாக்கறீங்களா? நம்ம ஒக்கலிபுரம் உங்க பக்கம் வந்ததும் ஃப்ளைஓவர் ஆயிடுது."

தமயந்தி சிரித்துக்கொண்டே கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள். இளவேனில் காட்டிய இடத்தைப் பார்த்தாள். சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே நின்றுவிட்டது.

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில், மேம்பாலச் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அவர்கள் செவ்வாய் கிரகத்தை வரைந்துகொண்டிருந்தார்கள். ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகக் குழு, அந்தக் கிரகத்தைச் சுற்றிவரும் விண்கலங்கள் எடுத்த படங்களை அனுப்பும். பள்ளம், மேடு, வெடிப்பு, ஓடை என்று ஒவ்வொன்றின் விளிம்பையும் வரைந்து, இன்னது என்று குறித்து, வரைபடமாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். முழுக் கிரகத்தையும் ஒரே மூச்சில் செய்ய முடியாது. அதனால் அதைச் சதுரம் சதுரமாக வெட்டியிருந்தார்கள். ஒரு சதுரம் ஒரு ஷீட். ஒரு ஷீட்டுக்குள் பத்துப் பதினைந்து பட்டைகள். அப்போது கையில் இருந்த ஷீட், வடக்குச் சமவெளியில் ஒரு துண்டு. ஆளில்லாமல் இறங்கப்போகும் ஒரு கலத்துக்கு அந்தத் துண்டில்தான் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே எந்த இடத்துக்கும் பெயர் கிடையாது. அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் மட்டும்தான். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் கூப்பிட்டுப் பேச எண்கள் உதவாது. அதனால் அந்த மாடியில் ஒரு வழக்கம் உண்டு. ஷீட் வந்த முதல் நாளே எல்லோரும் கூடி நின்று பெங்களூர் பெயர்களை அள்ளி வைத்துவிடுவார்கள். பள்ளத்தின் மேல் பள்ளம் ஏறி, நகர இடமில்லாமல் நெரியும் இடம், வண்டி நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு. ஒரு காலத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும் போலத் தெரிந்த நீண்ட ஓடை ஒக்கலிபுரம். மழை பெய்தால் அங்கே ரயில் பாலத்துக்கு அடியில் ஓடும் சாலையில் தண்ணீர் தேங்குவது எல்லோருக்கும் தெரியும். சின்னச் சின்ன மேடுகள் வீடுகளைப் போல ஒட்டி ஒட்டி நின்ற ஒரு சமவெளிக்குத் தமயந்தி வைத்த பெயர் ஜீவனஹள்ளி. அவள் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அங்கேதான்.

அந்தப் பெயர்கள் வரைபடத்தின் மேல் தனி அடுக்காக இருக்கும். ஷீட் வெளியே போகும் முன் அந்த அடுக்கை அழித்துவிட வேண்டும். வேறு கிரகத்தில் ஓர் இடத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை சர்வதேச வானியல் ஒன்றியத்துக்குத்தான் உண்டு.

தமயந்திக்கு அப்போது நாற்பத்தேழு வயது. புவியியலில் பட்டம் வாங்கியதும் அமெரிக்கச் சாலைகளை வரையும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். அவள் கால் வைக்காத ஊர்களில் எந்தத் தெரு முட்டுச்சந்து, எது ஒருவழி என்று பதினோரு வருஷம் வரைந்தாள். பிறகு இந்த வேலை. தினமும் காலையில் கணவன் உத்தமன் அவளை ஸ்கூட்டரில் காக்ஸ் டவுன் வரை கொண்டுவிடுவான். அவன் அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகன். அங்கிருந்து கம்பெனி வண்டி. வழியில் ஸ்கூட்டர் ஏதாவது பள்ளத்தில் விழுந்து எழுந்தால், "இத எந்த ஷீட்டுல போட்டே?" என்று திரும்பாமலே கேட்பான். "ரோட்ட பாத்து ஓட்டுங்க" என்பாள். எட்டு வருஷமாக இதே கேள்வி, இதே பதில்.

அந்த மாடியில் அவள் வேலை சரிபார்ப்பது. மற்றவர்கள் விளிம்பை வரைவார்கள்; அது இன்னதென்று கணினி முதலில் குறிக்கும். அது பள்ளம் என்று சொன்னதை இவள் பார்த்து, சரி என்பாள், அல்லது மாற்றுவாள். இவள் மாற்றினால் அதுதான் முடிவு. அப்படி நான்கு சரிபார்ப்பு மேசைகள் இருந்தன. நான்கில் மூத்தது தமயந்தி, இளையது திருப்பத்தூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த இளவேனில்.

இளவேனில் பன்னை மென்றுகொண்டே சொன்னாள்: "பன்னெண்டாம் பட்டை வரைக்கும் ஒழுங்கா ஓடையா வருது. பதிமூணுல உங்க பட்டைக்குள்ள நுழைஞ்சதும் கரை மாதிரி எழும்பிடுது. அண்டர்பாஸ் ஃப்ளைஓவர் ஆச்சு. இதுக்கு ஒரு பேர் இருக்குக்கா, படிச்சேன். ஓடையோட அடிமண் கெட்டிப்பட்டு, சுத்தி இருக்கற மண்ணெல்லாம் காத்துல போயிட்டா, ஓடையே மேடா நிக்குமாம். செவ்வாய்ல நிறைய இருக்காம். நம்ம ஷீட்லயும் ஒண்ணு மாட்டிச்சு!"

"இருக்கும்" என்றாள் தமயந்தி.

"நோட் போட்டுடவா?"

"இரு. நான் ஒரு தடவ பாத்துட்டுச் சொல்றேன்."

இளவேனில் உருண்டு போய்விட்டாள். தமயந்தி திரையை நெருங்கிப் பார்த்தாள்.

கெட்டிப்பட்ட ஓடை இப்படி எழும்பாது என்பது அவளுக்குத் தெரியும். அது மெல்ல மெல்லத்தான் மேலே வரும். இது பட்டையின் ஓரத்தில், கத்தி வைத்து வெட்டியது போல, ஒரே கோட்டில் ஓடையிலிருந்து மேடாகியிருந்தது. இயற்கைக்குப் பட்டை தெரியாது. பட்டை மனுஷர்கள் வெட்டியது.

படத்தில் வெளிச்சம் மேலிருந்து விழுந்தால்தான் நம் கண் சரியாகப் படிக்கும். பிறந்ததிலிருந்து சூரியனும் விளக்கும் தலைக்கு மேலேதான். வெளிச்சம் கீழிருந்து வரும் படத்தைக் காட்டினால் கண் ஏமாந்து பள்ளத்தை மேடு என்றும் மேட்டைப் பள்ளம் என்றும் சொல்லும். வடக்குச் சமவெளியில் சூரியன் பெரும்பாலும் தெற்கே சாய்ந்திருக்கும். வடக்கை மேலே வைத்துப் பார்த்தால் வெளிச்சம் கீழிருந்து வரும். அதனால் அந்த ஷீட் வந்ததிலிருந்து எல்லோருக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது: பட்டையைத் திறந்ததும் முதலில் தலைகீழாகத் திருப்புவது. காலையில் உட்கார்ந்ததும் பை வைப்பது போல, தண்ணீர் குடிப்பது போல, விரல் தானாகச் செய்துவிடும்.

தமயந்தி பதிமூன்றாம் பட்டையின் குறிப்பைத் திறந்தாள். மற்றப் பட்டைகளெல்லாம் ஒரே விண்கலம் செவ்வாயின் மத்தியானம் மூன்று மணிக்கு எடுத்தவை. பதிமூன்றை மட்டும் அந்த விண்கலம் எடுத்தபோது புழுதி மறைத்துவிட்டதால் வேறொரு விண்கலத்தின் படத்தை வைத்து ஒட்டியிருந்தார்கள். எடுத்த நேரம் கோடைக் காலை, சூரியன் எழுந்து சற்று நேரம். வெளிச்சம் வடகிழக்கிலிருந்து.

திருப்பியே இருக்கக் கூடாத பட்டை அது.

அவள் திருப்பியதை நேராக்கினாள். ஒரு நொடி ஒன்றும் மாறவில்லை. பிறகு கண்ணெதிரே ஜீவனஹள்ளி உள்ளே இறங்கியது. ஒட்டி ஒட்டி நின்ற அத்தனை வீடுகளும் ஒவ்வொன்றாகக் குழிந்து போயின. அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாற்பத்தொன்று. அதை அவள் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. கணினி அந்தப் பட்டையில், ஓடையின் துண்டையும் சேர்த்து, நாற்பத்தொரு பள்ளம் என்று குறித்திருந்தது. நாற்பத்தொன்றையும் அவள்தான் மேடு என்று மாற்றினாள். போன மாதம் சரிபார்ப்பு மேசைகளே இனி வேண்டாம், கணினி போதும் என்று பேச்சு வந்தபோது, ஐரோப்பாக்காரர்கள் திரையில் உட்கார்ந்திருக்க, அவள் எழுந்து நின்று காட்டியதும் இந்த நாற்பத்தொன்றைத்தான். "உங்கள் கணினி ஒரே பட்டையில் நாற்பத்தொரு தடவை ஏமாந்தது. மனிதக் கண் ஏமாறவில்லை" என்று யோசித்து யோசித்து மனப்பாடம் செய்த இங்கிலீஷில் சொன்னாள். மேலாளர் வெங்கி அதைப் பெரிய எழுத்தில் போட்டு ஒரு பக்கமே தயாரித்திருந்தான். நான்கு மேசைகளும் பிழைத்தன. அன்றைக்கு இளவேனில் எல்லோருக்கும் மசால் தோசை வாங்கிக்கொடுத்தாள்.

கணினிக்குக் கண் கிடையாது. சூரியன் எந்தப் பக்கம் என்று குறிப்பில் படித்துவிட்டுத்தான் அது சொல்கிறது. அதைத்தான் அவள் படிக்கவில்லை.

மணி மூன்று முப்பத்தைந்து. ஆறு மணிக்கு ஷீட் போகிறது. திங்கட்கிழமை அதை வைத்துக்கொண்டு இறங்கும் இடத்தைப் பேசுவார்கள். ஐந்து இடங்கள் பட்டியலில் இருந்தன. மூன்றாவது இடம் ஜீவனஹள்ளி. தாழ்ந்த, சாய்வு குறைந்த மேடுகள் என்றால் கலம் சமாளித்துக்கொள்ளும். செங்குத்தான பள்ளங்கள் என்றால் கால் ஒடிந்து அங்கேயே கிடக்கும்.

யாருக்கும் தெரியாமல் திருத்திவிடலாம் என்று பார்த்தால் வழியில்லை. ஷீட்டை மத்தியானமே பூட்டியாயிற்று. வெங்கிதான் திறக்க முடியும். திறந்தால் காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணம் ஷீட்டோடு சேர்ந்து ஐரோப்பாவுக்குப் போகும்.

அவள் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனாள். பாட்டிலை நிரப்பிவிட்டு, நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்தில் ஒன்றைத்தானே எடுப்பார்கள், இதையேவா எடுக்கப்போகிறார்கள் என்று ஒரு நினைப்பு. இளவேனில்கூட நம்பிவிட்டாளே, கெட்டிப்பட்ட ஓடை என்று எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள் என்று இன்னொன்று. எதிர்ப்பக்கம் இளவேனில் காதில் இயர்போனோடு எதற்கோ தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவள் மேசையும் அந்த நாற்பத்தொன்றின் மேல்தான் நின்றது.

நான்கு மணிக்குத் தமயந்தி வெங்கியின் கண்ணாடி அறைக் கதவைத் தட்டினாள்.

வெங்கி மல்லேஸ்வரத்தில் நான்கு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்தவன். போனில் யாரிடமோ கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தவன், "ஆமேலே மாடுத்தீனி", அப்புறம் செய்கிறேன், என்று வைத்துவிட்டு நிமிர்ந்தான். "சொல்லுங்க மேடம். ஷீட் கிளம்பற நாள்ல உங்க முகத்த பாத்தா எனக்கு பிபி ஏறுது."

"பதிமூணாம் பட்டைய திறக்கணும் வெங்கி."

"ஸ்பெல்லிங் மிஸ்டேக்கா?"

"நாப்பத்தொண்ணும் தப்பு."

வெங்கியின் கை பாதியில் நின்றது. "எந்த நாப்பத்தொண்ணு?"

"நீ ஸ்லைடு போட்டியே, அதுதான். காலை வெளிச்சத்துல எடுத்த படம். எல்லாத்தையும் திருப்பற மாதிரி அதையும் திருப்பிட்டேன். மேடுன்னு போட்டதெல்லாம் பள்ளம்."

அவன் எழுந்து கதவைச் சாத்தினான். குரல் தானாக இறங்கியது. "இது யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்ப உனக்கு."

"இளவேனில்?"

"அவளுக்குப் புரியல. கெட்டிப்பட்ட ஓடைன்னு நினைக்கிறா."

"அது நல்ல ஐடியாதானே மேடம்?" வெங்கி உட்காராமல் மேசையைச் சுற்றி வந்தான். "அப்படியே ஒரு நோட் போட்டு அனுப்பிடுவோம். திங்கக்கிழமை அவங்க கூட்டம் முடியட்டும். அப்புறம் ஸ்வல்ப நாள் கழிச்சு, மறுபடி பாத்தப்ப தெரிஞ்சுதுன்னு ரிவிஷன் அனுப்பலாம். யாரும் கொலை பண்ணல."

"மூணாவது எடம் அங்கதான் இருக்கு."

"அஞ்சுல ஒண்ணு மேடம்!"

"தண்ணி பிடிக்கறப்ப நானும் அதத்தான் சொல்லிக்கிட்டேன்" என்றாள் தமயந்தி. "சொல்லிட்டு இங்க வந்துட்டேன்."

வெங்கி நாற்காலியில் விழுந்தான். கெட்டவன் இல்லை அவன். நான்கு மேசைகளுக்காகப் போன மாதம் மேலிடத்தில் சண்டை போட்டவனும் அவன்தான். "இத எழுதினா என்னாகும்னு தெரியுமில்ல? உங்க மேசை மட்டும் இல்ல. மனிதக் கண்ணுன்னு ஊர் பூரா தம்பட்டம் அடிச்சோம். அதே பட்டையில மெஷின் ரைட்டு, நாம தப்பு. ஒரு மேசை கூட நிக்காது."

"தெரியும்."

"தெரிஞ்சும்?"

"மணி நாலு பத்து ஆச்சு வெங்கி. நாப்பத்தொண்ணு பாக்கணும்."

வெங்கி நாற்காலியை மேசைக்கு இழுத்தான். பிறகு திரையைத் தன் பக்கம் திருப்பி, பூட்டைத் திறக்கும் பெட்டியை வரவழைத்தான். காரணம் என்ற இடத்தில் கோடு துடித்துக்கொண்டிருந்தது. "நான் என்ன எழுதட்டும்? தொழில்நுட்பக் கோளாறு? அவ்வளவு போதும். பொய்யும் இல்ல."

"கீபோர்டைக் குடு."

அவளே தட்டினாள். சரிபார்த்தவர் படத்தின் ஒளித் திசையைப் படிக்காமல் திருப்பிவிட்டார், பட்டை பதிமூன்றில் அவர் செய்த நாற்பத்தொரு மாற்றங்களும் தவறு, கணினியின் குறிப்பே சரியாக இருக்கலாம், ஒவ்வொன்றாகப் பார்க்கப்படுகிறது. கீழே தன் பெயரைப் போட்டாள். முழுப் பெயர்.

"மெஷின் போட்டதையே மொத்தமா திருப்பிப் போட்டா அஞ்சு நிமிஷ வேலை" என்றான் வெங்கி.

"பாக்காம மாத்தினதுதான் இங்க கொண்டுவந்து நிறுத்திச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

நான்கு இருபதுக்கு முதல் குறியிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு பாறையைத் தேடினாள். பாறை எப்போதும் மேலே நிற்கும். அதன் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் சூரியன். அதை உறுதி செய்துகொண்ட பிறகே பள்ளத்தின் விளிம்புக்குப் போனாள். ஒன்றிலாவது தன் கண் சரியாக இருந்திருக்காதா என்று ஒரு ஆசை இருந்தது. பத்து முடிந்தது. பதினைந்து முடிந்தது. எல்லாம் பள்ளம். இருபதாவதில் இளவேனில் பக்கத்தில் வந்து நிற்பது தெரிந்தது.

"அக்கா, ஏன் லாக் தெறந்திருக்கு? என்ன நடக்குது?"

தமயந்தி திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். இளவேனில் திரும்பிப் போகும் காலடி கேட்கவில்லை.

"கோவமா?" என்றாள் தமயந்தி.

"நான் சும்மா வாய மூடிட்டு இருந்திருக்கலாம். ஃப்ளைஓவராம் ஃப்ளைஓவர்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாற்காலியை இழுத்தாள். "பாறை நிழல நான் தேடித் தரேன். நீங்க விளிம்பு பாருங்க. டைம் பத்தாது."

இரண்டு பேருமாகப் பார்த்தார்கள். ஐந்தே காலுக்கு இருபத்தெட்டு. முப்பத்து மூன்றாவதில் கணினி நின்றுபோய் மீண்டும் திறக்க நான்கு நிமிடம் போயிற்று. இளவேனில் அந்த நான்கு நிமிடமும் "வா வா வா" என்று முனகிக்கொண்டே இருந்தாள். ஐந்து ஐம்பதுக்கு நாற்பத்தொன்றும் முடிந்தது. நாற்பத்தொன்றிலும் கணினி சொன்னதே சரி. ஒக்கலிபுரம் மறுபடி ஓடையாகிப் பட்டையைத் தாண்டி வழிந்து போயிற்று.

பெயர் அடுக்கு மிச்சமிருந்தது.

"அழிக்கவா அக்கா?" இளவேனிலின் விரல் காத்திருந்தது. "ஜீவனஹள்ளியும் இருக்கு."

"எல்லாத்தையும் அழி."

சில்க் போர்டு போயிற்று. ஒக்கலிபுரம், ஜீவனஹள்ளி, எல்லாம் போய் எண்கள் மட்டும் நின்றன. ஐந்து ஐம்பத்தாறுக்கு வெங்கி அறைக்குள்ளிருந்து கட்டை விரலைக் காட்டினான். முகத்தில் சிரிப்பில்லை.

செவ்வாய்க்கிழமை ஐரோப்பாவிலிருந்து இரண்டு வரி வந்தது. திருத்தத்துக்கு நன்றி, மூன்றாவது இடம் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த மாதக் கடைசியில் சரிபார்ப்பு மேசைகள் மூன்று போயின. ஒன்று மட்டும், மாதிரிக்குப் பத்தில் ஒன்றைப் பார்க்க, நின்றது. அதில் யார் என்று வெங்கி கேட்டபோது தமயந்தி இளவேனிலின் பெயரைச் சொன்னாள். தான் வரைகிறவர்களின் வரிசையில் போய் உட்கார்ந்தாள். தன்னைவிட இருபது வயது சின்னவளிடம் வேலையைக் காட்டிச் சரி வாங்கினாள். இளவேனில் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றுதான் பார்ப்பாள். "உக்காரு, நீ பெரிய ஆபீசர்" என்பாள் தமயந்தி. பதினான்கு மாதம் அப்படிப் போயிற்று. அடுத்த வருஷம் ஆவணியில், காய்ச்சல் என்று படுத்த தமயந்தி, ஒன்பதாம் நாள் இல்லாமல் போனாள். காரியத்துக்கு இளவேனிலும் வெங்கியும் வந்திருந்தார்கள். வெங்கி வாசலிலேயே நின்றிருந்தான். உள்ளே வரவில்லை.

ஷீட் போன அந்த வெள்ளிக்கிழமை, கம்பெனி வண்டி காக்ஸ் டவுன் வந்து சேர எட்டு மணி ஆகிவிட்டது. உத்தமன் ஸ்கூட்டரோடு பழக்கடை விளக்கடியில் காத்திருந்தான்.

"என்ன தமா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"நாப்பத்தொரு பள்ளத்த மேடுன்னு எழுதிட்டேங்க."

"யார் கண்டுபிடிச்சாங்க?"

"நான்தான்."

"நீ சொல்லாம இருந்தா?"

"தெரிஞ்சிருக்காது. இப்போதைக்குத் தெரிஞ்சிருக்காது." பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். "வேலை அனேகமா போயிடும்."

உத்தமன் வண்டியைக் கிளப்பினான். ஜீவனஹள்ளிக்குத் திரும்பும் வளைவில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அவன் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி ஓட்டினான். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் ஒன்றைத் தவிர்க்க முடியாமல் ஸ்கூட்டர் இறங்கி ஏறியது. தமயந்தி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன், இன்னிக்குக் கேக்க மாட்டீங்களா?"

அவன் திரும்பாமலே கேட்டான். "இத எந்த ஷீட்டுல போட்டே?"

"எதுலயும் இல்ல" என்றாள். "நிறுத்துங்க, இறங்கி ஒரு தடவ பாத்துட்டுச் சொல்றேன்."